வடபுறச் சந்தில் கருகிய கருப்பிலைச் செடிகள்: மதுரை வீட்டுத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இடமும் செடிகளும்

மதுரை திருநகரில் கிழக்குப் பார்த்த ஒரு தனி வீடு. ஒரே தளம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 13 அடி உயரம். வீட்டுச் சுவருக்கும் வடக்குக் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நாலடிச் சந்து, தரை முழுக்க சிமெண்ட். அந்தச் சந்தில் தை மாதம் 26 தொட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. எல்லாமே கருப்பு, கருஞ்சிவப்பு, கருநீல இலை கொண்டவை: கார்டிலைன் 5, பெர்ப்பிள் ஹார்ட் 4, பர்கண்டி ரப்பர் செடி 3, ஐரெசின் 3, பெர்சியன் ஷீல்ட் 2, ‘பிளாக் மேஜிக்’ கருஞ்சேம்பு 2, ‘பிளாக் கார்டினல்’ பிலோடென்ட்ரான் 2, கலத்தியா 2, அலோகேசியாவில் ‘பாலி’ ஒன்று, ‘பிளாக் வெல்வெட்’ ஒன்று, ‘ரேவன்’ இசட் இசட் செடி ஒன்று. பாதி கருப்பு குரோபேக்கில் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை), மீதி பிளாஸ்டிக் தொட்டியில். தரை நனையக் கூடாதென்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டு.

மாசி முடியும் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. புது இலைகூட விட்டன. பங்குனி பாதியில் கார்டிலைன் நுனிகள் பழுப்பாயின. சித்திரை பிறந்தபோது பெர்சியன் ஷீல்டில் வெளுத்த திட்டுகள், கலத்தியா இலை குழல்போலச் சுருண்டது. “கருப்பு இலையெல்லாம் நிழல் செடிம்மா, வெயில் காட்டாதீங்க” என்றார் செடி கொடுத்த நர்சரிக்காரர். வீட்டம்மாவும் ரப்பர், பெர்ப்பிள் ஹார்ட் தவிர எல்லாவற்றையும் போர்டிகோவுக்குள் நகர்த்தினார். வைகாசிக்குள் நிலைமை இன்னும் கெட்டது. ஐரெசின் ஒல்லியாக நீண்டு பச்சையடித்தது; நுனிக் கருகல் நிற்கவேயில்லை; தொட்டி மண் வாரக்கணக்கில் காயாமல் ஊறிக் கிடந்தது.

சூட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டால் இந்தத் தோட்டத்தில் நடந்தது புரியாது. நேர் வெயில், வேரின் சூடு, தண்ணீரின் உப்பு என மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தன. அவற்றுக்கு நிழல் என்ற ஒரே மருந்தைக் கொடுத்ததால் மூன்றும் மறைந்துகொண்டன.

சந்துக்குள் வந்த வெயில்

முதலில் இலையைப் பார்த்தே பிரிக்கலாம். வெயில் சுட்ட இலையில் சூரியனைப் பார்த்த பாகம் மட்டும், பெரும்பாலும் இலையின் நடுவில், வெளிர்பழுப்பாக வெளுக்கும். மேலே ஓர் இலை மறைத்திருந்தால் அந்த நிழலின் விளிம்பு கோடு போட்டதுபோல் கீழ் இலையில் தெரியும். உப்பு சுட்ட இலையில் நுனியும் ஓரமும் முதலில் போகும். அதுவும் கீழே உள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கும். பெர்சியன் ஷீல்டில் முதல் வகை இருந்தது. கார்டிலைனில் இரண்டாவது. கலத்தியாவில் இரண்டும் சேர்ந்திருந்தன.

வடபக்கம் எப்போதும் நிழல் என்று நம்பித்தான் அந்தச் சந்து தேர்வானது. தை மாதத்தில் பார்த்தால் அது சரிதான். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து தெற்கே 33 பாகை சாய்ந்து நிற்கும். 13 அடிச் சுவரின் நிழல் வடக்கே எட்டரை அடி விழும், நாலடிச் சந்து முழுக்க மூடிவிடும். அந்த நிழல் நாளுக்கு நாள் குறுகி, மார்ச் முதல் வாரத்தில் உச்சி வெயில் காம்பவுண்டுச் சுவரின் அடியைத் தொடும். ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். ஜூனில் 13 பாகைக்குச் சற்று மேல் வடக்கே சாய்ந்து, உதயமும் அஸ்தமனமும்கூட வடகிழக்கு, வடமேற்கில். ஆக, கோடையில் இந்த வீட்டின் வெயில் பக்கமே வடக்குதான். உச்சி வெயில் முழுக்க விலகிச் சந்து மறுபடி நிழலாவது அக்டோபர் இரண்டாம் வாரத்தில்.

தையில் செடி வாங்கி வைக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும். இடத்தை முடிவு செய்யுமுன் மே மாத வெயில் அங்கே எங்கே விழும் என்று பாருங்கள். தென்னை, வேம்பு, பக்கத்து மாடி என்று மறைப்பு எதுவும் இல்லாத வடபக்கத்தை மாசி முடிவதற்குள் வலை கட்டித் தயார்படுத்தியாக வேண்டும். மதுரை நர்சரிகளுக்கு நிறையச் செடிகள் ஆந்திரத்தின் கடியம், கேரளத்தின் மண்ணுத்திப் பக்கமிருந்து லாரியில் வருகின்றன. ஈரக்காற்றிலும் நிழல்வலைக்குள்ளும் வளர்ந்த அந்த இலைகளின் தோல் மெலிது. வாங்கி வந்ததும் மூன்று வாரமாவது வலைக்கடியில் வைத்து, பிறகுதான் காலை வெயிலுக்குப் பழக்க வேண்டும். சுட்ட இலை தேறாது. அடுத்து வரும் இலைதான் புது இடத்துக்கு ஏற்ற தடிமனோடு வரும்.

வேரின் சூடு தனிக் கதை. சந்தின் மேற்கு முனையில் கருப்பு குரோபேக்கில் இருந்த ரப்பர் செடியின் மண்ணில், பக்கவாட்டிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தெர்மாமீட்டரைச் செருகியபோது பிற்பகல் மூன்று மணிக்கு 43 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் வேர் தண்ணீர் இழுக்காது. மண் ஈரமாக இருக்கும், இலை வாடியிருக்கும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். வேர் வெந்து அழுகும்.

தண்ணீரில் இருந்த உப்பு

ஆய்வு செய்த எங்களைப் பொறுத்தவரை இந்தத் தோட்டத்தின் முதல் குற்றவாளி தண்ணீர்தான். வீட்டு போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் 1,200 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் கரைந்த உப்பு. அதையாவது ஊற்றியிருக்கலாம். சமையலறை ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்கக் கூடாதென்று, ஒரு குழாய் போட்டு அதையே தினமும் செடிக்கு விட்டிருந்தார்கள். பத்து லிட்டர் உள்ளே போனால் மூன்று லிட்டர் குடிநீராகிறது. உப்பில் ஏறக்குறைய எல்லாமும் மீதி ஏழு லிட்டரில் தங்கிவிடுகிறது. மீட்டர் காட்டியது 1,680 பிபிஎம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 1.68 கிராம் உப்பு. தினம் அரை லிட்டர் வீதம் மூன்று மாதத்தில் 45 லிட்டர். அடியில் தட்டு இருப்பதால் வடிந்ததும் திரும்ப மண்ணுக்குள் ஏறும். ஒரு தொட்டிக்குள் 75 கிராம் உப்பு. நீர் இலை வழியாக ஆவியாகும், உப்பு போக வழியில்லை. கலத்தியா தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொறுக்கு நகத்தால் சுரண்டுமளவு படிந்திருந்தது. தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு டம்ளர் ஊற்றி, அடியில் முதலில் வடிந்ததைப் பிடித்து அளந்தால் 3,900 பிபிஎம்.

இந்த அளவு எல்லாச் செடிக்கும் விஷமா என்றால் இல்லை. பெர்ப்பிள் ஹார்ட் அசையவேயில்லை. ரப்பர் செடியும் தாங்கும். கார்டிலைன், அலோகேசியா, பிலோடென்ட்ரானுக்கு 500 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது. கலத்தியாவுக்கு 300 தாண்டினாலே ஓரம் கருகும். மதுரையில் கலத்தியா வளர்ப்பதென்றால் மழைநீர் அல்லது ஆர்ஓ குடிநீர்தான். அந்தச் செலவுக்குத் தயாரில்லாதவர்கள் அதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

உப்போடு இன்னொன்றும் வருகிறது. நம் பக்கத்து போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றி இரும்புச் சத்தை வேருக்கு எட்டாமல் பூட்டும். பச்சை இலையில் இது மஞ்சளாகத் தெரியும். கருப்பு இலையில் மஞ்சள் தெரியாது. புது இலை கருக்காமல் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். இலையைத் தூக்கிச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் தெரிந்தால் இரும்புக் குறைதான்.

கருமை எங்கிருந்து வருகிறது

பெர்ப்பிள் ஹார்ட் இலை ஒன்றைக் கொதிநீரில் போட்டால் சில நிமிடத்தில் தண்ணீர் ஊதாவாகும், இலை பச்சையாகும். ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி நீரில் கரைந்து வெளியேறியதும் அடியிலிருந்த பச்சையம் தெரிகிறது. கருப்பு இலையும் பச்சை இலையைப் போலவே வெளிச்சத்தில் உணவு தயாரிப்பதுதான். மேலே ஒரு நிறத்திரை இருக்கிறது. சில செடிகள் அந்தத் திரையை வெயிலுக்கு எதிராகவே கட்டுகின்றன. வெயில் குறைந்தால் கட்டுவதை நிறுத்திவிடும்.

அதனால் இந்த 26 தொட்டிகளையும் முதலில் இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். ஐரெசின், பெர்ப்பிள் ஹார்ட், கார்டிலைன், பர்கண்டி ரப்பர், கருஞ்சேம்பு ஆகியவை வெளிச்சத்தால் கருப்பவை. ஒன்பதரை, பத்து மணி வரை நேர் வெயிலும் பிறகு 50 சதவீத நிழல்வலையும் கொடுத்தால் நிறம் ஏறும். அலோகேசியா, பிளாக் கார்டினல், ரேவன், கலத்தியா காட்டு மரங்களுக்கடியில் வாழும் இனங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. மியான்மரைச் சேர்ந்த பெர்சியன் ஷீல்ட் நடுவில் நிற்கிறது: இளங்காலை வெயில் இருந்தால் ஊதா மின்னும், உச்சி வெயிலில் கருகும், இருட்டில் மங்கிப்போகும்.

செல்போனில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் ஆப் போட்டு இலை மட்டத்தில் பிடித்தால் தோராயமான அளவு கிடைக்கும். முதல் கூட்டத்துக்கு 30,000 முதல் 50,000 லக்ஸ், இரண்டாவதற்கு 10,000 முதல் 20,000. மதுரை உச்சி வெயில் ஒரு லட்சத்தை ஒட்டும். இந்த வீட்டுப் போர்டிகோவின் உள்மூலையில் கிடைத்தது 1,500. ரேவன் ஒன்றுதான் அங்கே உயிரோடு இருக்கச் சம்மதிக்கும், அதுவும் வளராமல்.

தழைச்சத்து மிகுந்தாலும் முதல் கூட்டம் பச்சையடிக்கும். யூரியா, புதுச் சாணம் வேண்டாம். மறுபுறம், பச்சையாக இருக்க வேண்டிய செடியில் முதிர்ந்த இலை திடீரென ஊதாவானால் அது மணிச்சத்துக் குறையாக இருக்கலாம். அழகென்று விட்டுவிடக் கூடாது.

செய்த திருத்தம்

முதல் வேலை, தட்டுகளை எடுத்து தொட்டிகளை இரண்டிரண்டு செங்கல் மேல் ஏற்றியது. அடுத்து உப்புக் கழுவல். பத்தங்குலத் தொட்டிக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீர் தேவை; மாநகராட்சிக் குழாயில் வந்த 350 பிபிஎம் தண்ணீர் பயன்பட்டது. மொத்தமாகக் கொட்டினால் மண்ணின் ஓரமாக ஓடிவிடும். மூன்று தவணையாக, இருபது நிமிட இடைவெளியில், பூவாளியால் மெதுவாக ஊற்ற வேண்டும். இடைவெளியில்தான் உப்பு கரையும். வடிநீர் 1,000 பிபிஎம்முக்குக் கீழே வந்ததும் நிறுத்தலாம். அதன் பிறகு இரண்டு வாரம் உரம் கிடையாது. ஆர்ஓ கழிவுக்குழாய் கழிவறைக் கழுவலுக்குத் திருப்பிவிடப்பட்டது.

வேர் கெட்டிருந்தவற்றுக்கு மண் மாற்றம். வெளிச்சக் கூட்டத்துக்குச் செம்மண் இரண்டு பங்கு, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு, மண்புழு உரம் ஒன்று, கருக்கிய உமி ஒன்று, அரை அங்குலச் செங்கல் சல்லி ஒன்று. சேம்பு, பிலோடென்ட்ரான் வகைக்குச் செம்மண்ணே வேண்டாம்: கோகோபீட் மூன்று, தேங்காய் மட்டைத் துண்டு மூன்று, செங்கல் சல்லி இரண்டு, அடுப்புக்கரித் தூள் ஒன்று, மண்புழு உரம் ஒன்று. கருஞ்சேம்பு மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஈரம் நிற்கும் முதல் கலவைதான் சரி. பத்தங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட் கட்டியை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை அளந்து, 500க்குக் கீழே இறங்கும் வரை அலச வேண்டும்; அலசாத மலிவுக் கட்டி தொட்டிக்குள் உப்பைத் தானே கொண்டுவரும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். நனைந்தால் வேருக்குக் காற்றில்லை, காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். எம்-சாண்ட் தூளும் ஆகாது.

சூட்டுக்கு மானாமதுரை மண்தொட்டி நல்ல தீர்வு. சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால் மண் குளிரும். எல்லாவற்றையும் மாற்றச் செலவு கூடும் என்பதால், பிளாஸ்டிக் தொட்டிகளை ஒரு சுற்று பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் நார் அடைத்து நனைக்கப்பட்டது. குரோபேக்குகளைச் சுற்றி வெள்ளைச் சாக்கு. அதே மேற்கு முனையில் மறுபடி அளந்தபோது 34 டிகிரி. வலை, காம்பவுண்டுச் சுவரிலிருந்து வீட்டுச் சுவருக்கு ஒன்பதடி உயரத்தில் சாய்வாகக் கட்டப்பட்டது. இலையை ஒட்டிக் கட்டினால் வலையின் சூடே இலையைச் சுடும்.

அன்றாடத் தண்ணீருக்கு இரண்டு ஏற்பாடு. 500 சதுரடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 930 லிட்டர். சிந்தியது சிதறியது போக 750 நிச்சயம். முதல் ஐந்து நிமிட அழுக்கு நீரை விட்டுவிட்டு, 500 லிட்டர் டிரம் ஒன்றில் பிடித்து, கொசு புகாதபடி வாயைத் துணிவலையால் இறுக்கிக் கட்டினார்கள். உப்பு தாங்காத பத்துத் தொட்டிக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் போதும். ஒரு டிரம் நூறு நாள் வரும். எல்லாச் செடிக்கும் மழைநீர் ஊற்ற நினைத்தால் நாற்பது நாளுக்குள் காலியாகும். ஏசி வடிநீரும் உப்பற்றது, அதே டிரம்முக்குப் போகலாம். மற்றத் தொட்டிகளுக்கு போர் தண்ணீர். ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது அடியில் வடிய வேண்டும்.

இரும்புக் குறை தெரிந்த கார்டிலைனுக்கு போர் தண்ணீரில் பத்து லிட்டருக்கு 4 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, பிஎச் தாளில் 6 வரும்படி பார்த்து ஊற்றினார்கள். இது காரத்தை முறிக்கும், உப்பைக் குறைக்காது. இரும்பு உரம் வாங்குவதானால் இடிடிஎச்ஏ வகை கேளுங்கள். மலிவான இடிடிஏ வகை நம் காரமண்ணில் சீக்கிரமே செயலிழந்துவிடும்.

மழைக்காலமும் பூச்சியும்

ஆடிக் காற்று ஓய்ந்து புரட்டாசியில் வந்த இலைகளில் கருமை திரும்பியிருந்தது. கார்டிலைன் ஐந்தும் தேறின. கலத்தியா இரண்டும், பெர்சியன் ஷீல்டில் ஒன்றும், ஐரெசினில் ஒன்றும் அதற்கு முன்பே போய்விட்டன. ஐப்பசி அடைமழையில் ஒரு பிளாக் கார்டினல் தண்டடி அழுகிச் சாய்ந்தது. வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் கையோடு வந்து, நடுநார் மட்டும் நின்றது. மண் மாற்றாமல் விட்ட தொட்டி அது. மிஞ்சியதற்கு ஒரு கிலோ மண்புழு உரத்தில் அழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 20 கிராம் கலந்து, ஈரமாக ஒரு வாரம் நிழலில் வைத்து, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போடப்பட்டது. அடைமழைக்கு முன்பே போட வேண்டிய மருந்து இது. அழுகிய பின் போட்டுப் பயன் குறைவு.

கருப்பிலையில் பூச்சியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். செம்பேன் தாக்கிய இலை பச்சைச் செடியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இங்கே தூசி படிந்ததுபோல் மங்கும், அவ்வளவுதான். இலைக்கடியில் ஈர வெள்ளைத்துணியால் துடையுங்கள். செம்பழுப்புக் கீற்று விழுந்தால் பேன். பங்குனி முதல் ஆனி வரை வாரம் இருமுறை இலைக்கடியில் தண்ணீர் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கும். மீறினால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில் மட்டும். 35 டிகிரி தாண்டும் நாட்களில் அதுவே இலையைச் சுடும். வேப்பெண்ணெய்க்கும் அதே எச்சரிக்கை. பிளாக் வெல்வெட்டின் பூம்பட்டு இலையில் எந்த எண்ணெயும் படக் கூடாது. கார்டிலைன் இலைக்கக்கத்தில் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் எடுத்துவிட்டு, எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும்.

சேம்பு, அலோகேசியா, பிலோடென்ட்ரான், இசட் இசட் எல்லாவற்றின் சாறிலும் ஊசிப்படிகங்கள் உண்டு. வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் அரித்து வீங்கும். தவழும் குழந்தை, நாய், ஆடு உள்ள வீட்டில் தரைமட்டத்தில் வைக்காதீர்கள். கத்தரிக்கும்போது கையுறை போடுங்கள்.

காலியான தொட்டிகளுக்குச் செடி வாங்கவில்லை. நுனி கருகி உயர்ந்து நின்ற இரண்டு கார்டிலைன்களைப் புரட்டாசியிலேயே தரையிலிருந்து ஆறங்குலம் விட்டு வெட்டி, இலையில்லாத தண்டை மூன்றங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஈர மணலில் பாதி புதையும்படி படுக்க வைத்தார்கள். முளை விட ஒன்றரை மாதம் ஆயிற்று. அதன் முதல் இரண்டு மூன்று இலைகள் பச்சையாகத்தான் வரும்; ரேவனின் புதுத் தளிரும் எலுமிச்சைப் பச்சையில் தொடங்கிச் சில வாரத்தில் கருக்கும். அதைப் பார்த்து உரம் போடவும் வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். நாலாவது இலை விரிந்த பிறகு தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது மட்டும் கொடுத்தால் போதும்.